முப்பதில் மூன்று

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் முளைத்ததில்லை. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து தாமல் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில், என் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் செல்போனில் பேசியதை ஒட்டுக்கேட்டு எடுத்தது. ஐப்பசி மழை. ஷட்டரையெல்லாம் இறக்கிவிட்டதில் பஸ்ஸுக்குள் ஈரத்துணி வாடை. அந்தப் பெண் மடியில் லேப்டாப் பையை வைத்து, அதன்மேல் துப்பட்டாவைப் போர்த்தி, கைக்குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“முப்பதுல மூணுதான்டி, அஞ்சும். மூணே மூணு. ஆனா அந்த மூணுலயும் எங்க ஊரு மேலதான் கொட்டுது.”

அஞ்சும் என்பது எதிர்முனையில் இருந்தவளின் பெயர். அவள் என்ன சொன்னாளோ தெரியாது.

“இல்லடி, யாருக்கும் சொல்லல. சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா எங்கண்ணன் ஊடு ஏரிக்கரைக்குக் கீழ இருக்குதுடி. நீ சொல்லு, நான் இன்னா பண்ணட்டும்?”

நான் முசரவாக்கத்தில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. கண்டக்டர் கத்தினார், மிச்சத் தூரத்துக்கு டிக்கெட் எடுத்தேன். தாமலில் அவள் இறங்கினாள். பின்னாலேயே இறங்கி, “அம்மா, எந்த மூணு? என்ன கொட்டுது?” என்று கேட்டிருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, நனைந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

ஆக, எனக்குத் தெரிந்தது அந்த நாலு வரிப் பேச்சுதான். மீதியெல்லாம் நான் கட்டியது. அவளுக்கு தேவிப்ரியா என்று பெயர் வைத்திருக்கிறேன். அண்ணனுக்கு கலைவாணன். பயத்தை மட்டும் நான் கட்டவில்லை, அது நிஜம். என் வீடும் ஒரு ஏரிக்குக் கீழேதான் இருக்கிறது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

அந்தக் கூடத்தில் பகலும் இரவும் ஒன்றுதான். வரிசை வரிசையாக ஆளுயரக் கருப்பு அலமாரிகள். நீல விளக்குகள் சிமிட்ட, குளிர்ந்த தண்ணீர் குழாய்களில் ஓட, மனிதன் ஒருவன் ஆயுள் முழுக்க உட்கார்ந்தாலும் முடிக்க முடியாத கணக்கை அந்த சூப்பர் கம்ப்யூட்டர் ஒரே நொடியில்—

இதற்கு மேல் போகவில்லை. நான் சூப்பர் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவனில்லை. நீல விளக்கு எரியுமா, பச்சை எரியுமா என்றுகூடத் தெரியாது. ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அதனால் விசாரித்தேன், படித்தேன், பாதி புரிந்தது. புரிந்த பாதியைச் சொல்கிறேன்.

வானத்தையும் கடலையும் கட்டம் கட்டமாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்று போட்டு, அடுத்த கட்டத்தை அது என்ன செய்யும் என்று கணக்கு ஓட்டுகிறார்கள். எங்கள் ஊரில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர்களும் கட்டத்தாளில்தான் போடுவார்கள். கட்டம் பெரிதாக இருந்தால் அன்னப்பட்சிக்கு மூக்கு விழாது. அதுபோலத்தான் இதுவும். கம்ப்யூட்டரின் கட்டத்துக்குள் தாமல் ஏரி இல்லை. அந்தக் கட்டத்தில் “விளைநிலம்” என்று மட்டும் இருக்கிறது. ஏரியும் கிடையாது, கரையும் கிடையாது, கரைக்குக் கீழே துணி காயப்போட்டிருக்கும் வீடும் கிடையாது.*

இன்னொன்று. கடல் இன்றைக்கு இவ்வளவு சூடு என்று எவராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. அதனால் ஒரே புயலைத் துளித்துளி மாற்றி முப்பது தடவை பிறக்கவிட்டுப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு தடவைக்கும் “மெம்பர்” என்று பெயர். ஒரு மெம்பரில் புயல் ஆந்திராவுக்குப் போகும், ஒன்றில் கடலிலேயே கரையும், ஒன்றில் நம் தலைமேல் வந்து உட்காரும்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் அதைத்தானே செய்கிறேன், ஒரே கதையை வேறுவேறு மாதிரி தொடங்கிப் பார்ப்பது! கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. என் தொடக்கங்கள் தப்பிப்போனால் ஒரு தாள் கசங்கும், அவ்வளவுதான்.

(* தாமல் ஏரி நிஜமான ஏரி. அதன் நிஜமான கரை திடமாகவே இருக்கட்டும். இந்தக் கதையில் வரும் கரை நான் போட்டது. அதன் பலவீனமும் என்னுடையதே.)

3

தேவிப்ரியா தாமல் நிறுத்தத்தில் இறங்கியபோது மழை விட்டிருந்தது.

(இந்த வரியை அடித்துவிட்டேன். மழை விட்டால் எனக்குக் கதை கிடையாது. அப்படி நினைத்ததற்காக என்மேல் எனக்கே கோபம் வந்தது. இருந்தாலும் அடித்ததை அடித்ததாகவே வைக்கிறேன்.)

தேவிப்ரியா இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. வீட்டுக்குக் குறுக்குவழி ஏரிக்கரைமேல்தான். கரை ஏறியதும் நின்றுவிட்டாள். தண்ணீர் கருவேல மரங்களின் இடுப்பு வரைக்கும் வந்திருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை அவளால் மறுக்க முடியவில்லை. மேற்கே ஒரு பெரிய ஊரில், பருவநிலை ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் அவள். தீபாவளிக்கு வந்தவள், லீவை நீட்டிக்கொண்டு தங்கியிருக்கிறாள்.

கடல் சூடேறிக்கொண்டே போனால் வடதமிழ்நாட்டு மழை என்னவாகும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதற்காக, இன்னும் இருபது இருபத்தைந்து வருஷம் கழித்து வங்காள விரிகுடா எப்படி இருக்கும் என்று ஒரு கடலைக் கணக்கில் செய்து வைத்திருந்தாள். இப்போது கடலில் ஒரு தாழ்வு மண்டலம் எழும்பவே, ஒரு ஆர்வத்தில், இன்றைய கடலைப் போட்டு ஓட்டச் சொல்லிக் கணக்கைக் கூடத்து சூப்பர் கம்ப்யூட்டரின் வரிசையில் சேர்த்துவிட்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். அண்ணன் வீட்டில் சிக்னல் நிற்காது. ஏனாத்தூர் காலேஜில் வேலை செய்யும் ஒரு தோழியின் அறையில் உட்கார்ந்துதான் இன்றைக்கு முடிவுகளை இறக்கினாள்.

இறக்கியதை அங்கேயே திறந்து பார்த்தாள். மூன்று மெம்பர்கள் பயமுறுத்தியது ஒரு பக்கம். அதைவிடப் பயமுறுத்தியது கடல். சென்னைக்குக் கிழக்கே கடலின் ஒரு பகுதியில், இன்றைய கடலின் சூடும் அவள் எதிர்காலத்துக்கென்று செய்து வைத்திருந்த கடலின் சூடும் ஒன்றாக இருந்தன. அண்ணன் மகள் அபிநயாவுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறக்கும் காலத்தில் வரவேண்டிய கடல், அபிநயா மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே வந்து நின்றது.

அந்த மூன்றிலும் புயல் கரையேறி, பாலாற்றுப் படுகைமேல் வந்து, நகராமல் நின்றது. நின்று கொட்டியது. வரைபடத்தில் தாமல் இருக்கும் இடம் கருநீலமாகி, கடைசியில் கருப்பாகவே போய்விட்டது. அவ்வளவு தண்ணீரை இந்தக் கரை தாங்காது என்று கணக்குச் சொல்லவில்லை. கணக்குக்குத்தான் கரையே தெரியாதே. அதைச் சொன்னது அவளுடைய கண். கோடிக்குப் பக்கத்தில், அதாவது ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து வெளியேறும் வாய்க்குப் பக்கத்தில், போன வருஷ மழையில் மண் அரித்துக் கரை சரிந்ததால் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். மூட்டைகளில் புல் முளைத்துப் பச்சையாக இருந்தது. அவள் அந்த இடத்தைத் தாண்டும்போது கால் தானாகவே வேகமெடுத்தது.

4

கௌஸ் பாஷா பாயின் ஆஃப்செட் பிரஸ்ஸில் நான் புரூஃப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, புடவைப் பெட்டி அட்டை, உற்சவ நோட்டீஸ். நான் எதை எழுதினாலும் முதல் வாசகர் பாய்தான். இதுவரைக்கும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இன்னா ரைட்டரே, படிச்ச பொண்ணுதானே இது? கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு போன் போடுறதுக்கு இன்னா கேடு?”

கேள்வி சரியானது. பாய் கேட்ட பிறகு அவளை ஒரு தைரியசாலியாக எழுதிப் பார்த்தேன்:

தேவிப்ரியா போனை எடுத்தாள். அவள் குரலில் நடுக்கம் இல்லை. “நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். இன்னும் இரண்டு நாளில்—”

எனக்கே கூச்சமாக இருந்தது. தாமலில் எந்தப் பெண்ணும் இப்படிப் பேசியதில்லை. பஸ்ஸில் நான் பார்த்த பெண்ணின் கை, பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டே இருந்தது. அந்தக் கைக்கு இந்தக் குரல் பொருந்தவில்லை. அதனால் அஞ்சும் என்ன சொல்லியிருப்பாள் என்று எழுதினேன். அஞ்சும் அவளோடு அதே கூடத்தில் வேலை செய்கிறவள்.

“இது ரிசர்ச் ரன் தேவி, ஃபோர்காஸ்ட் கிடையாது. ஃபோர்காஸ்ட் குடுக்குறது வேற ஆபீஸ். அவங்களுக்கு நான் மெயில் போடுறேன், பாப்பாங்க. கனமழைன்னு ஏற்கெனவே சொல்லிட்டுத்தானே இருக்காங்க? நீயா ஊருல போய்க் கரை ஒடையும்னு சொல்லி, ஒண்ணும் ஆவலன்னா? பீதி கிளப்புன விஞ்ஞானின்னு உன் போட்டோவ டிவில சுத்த வுடுவாங்க. உன் வேலை, என் வேலை, இந்த ப்ராஜெக்ட், எல்லாம் போவும்.”

இதைப் பாயிடம் காட்டினேன்.

“அப்போ பயந்துக்கினா. அத சொல்லு.”

“பயம்தான் பாய்.”

“பயந்தவள வச்சு கதை எழுதுனா எவன் படிப்பான்?”

“பயந்தவங்க படிப்பாங்க பாய்.”

பாய் தலையை ஆட்டிக்கொண்டு மெஷின் பக்கம் போய்விட்டார்.

5

கலைவாணன் பாசன சங்கத் தலைவர். வார்டு மெம்பர் தேர்தலில் இரண்டு தடவை நின்று ஒரு தடவை ஜெயித்தவர். ஊரில் மதகைத் திறக்கவோ மூடவோ அவர் வாய்ச்சொல் வேண்டும். அன்றைக்கு அவர் ஏக சந்தோஷத்தில் இருந்தார். கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதும், சட்டையை மாற்றுவதும், மறுபடி கிளம்புவதுமாக இருந்தார்.

தேவிப்ரியா லேப்டாப்பை அரிசி டிரம்மின் மேல் வைத்துத் திறந்தாள்.

“அண்ணா, மதகத் தொறந்து கொஞ்சம் தண்ணிய வெளிய வுட முடியாதா?”

“இன்னா பாப்பா சொல்ற நீ? மூணு வருஷமா ரொம்பாத ஏரி. இப்பதான் வந்துக்கினு இருக்குது. நான் தொறந்துவுட்டு, மழ நின்னுபோச்சுன்னு வையி. நாத்து வுட்டவன்லாம் கட்டையத் தூக்கிக்கினு நம்ம வாசல்ல வந்து நிப்பான்.”

“இதப் பாருண்ணா. சூப்பர் கம்ப்யூட்டர்ல முப்பது வாட்டி ஓட்டுனது. ஒவ்வொண்ணும் ஒரு மெம்பர். இதோ இந்த மூணு மெம்பர்ல, நம்ம ஏரி மேலயே நின்னு கொட்டுது.”

அவர் குனிந்து பார்த்தார். மெம்பர் என்றதும் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது.

“சரி, மூணு மெம்பர் இப்டி சொல்றான். மீதி இருபத்தேழு மெம்பர் இன்னா சொல்றான்?”

“நல்ல மழ. அவ்ளோதான்.”

“இருபத்தேழுக்கு மூணு! தீர்மானமே தோத்துப்போச்சே பாப்பா. இதுக்கா மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீற?”

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்கக் கைதூக்கும் எண்ணிக்கையைப் பார்த்துப் பழகியவருக்கு அப்படித்தான் தெரியும். முப்பது பேர் உட்கார்ந்து யோசித்து, இருபத்தேழு பேர் பயமில்லை என்று சொன்னால் பயமில்லைதானே?

(இந்த இடத்தில் தேவிப்ரியாவுக்கு ஒரு வசனம் எழுதியிருந்தேன். “பஸ்ஸுல முப்பது சீட்டு இருக்குது. அதுல மூணு சீட்டு ஒடஞ்சி கீழ வுழும், எந்த மூணுன்னு தெரியாது. அபிநயாவ அந்த பஸ்ஸுல ஏத்துவியாண்ணா?” எழுதிவிட்டு எழுந்து ஒரு டீ குடித்தேன், அவ்வளவு பெருமை எனக்கு. திரும்பி வந்து படித்தபோது தெரிந்தது, அப்பா செத்தபிறகு ஃபீஸ் கட்டிப் படிக்க வைத்த அண்ணன் முன்னால் அவள் வாயில் இது வராது என்று. அவள் மனதுக்குள் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.)

அவள் அந்த மூன்று படங்களையும் மறுபடி ஒவ்வொன்றாகக் காட்டினாள். அஞ்சும் சொன்னது ஞாபகம் வந்தது. கரை உடையலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

“சும்மா கொழப்பாத. ஏரி ரொம்புமா ரொம்பாதா? அத மட்டும் சொல்லு.”

இதற்குப் பதில் சொல்ல அவளால் முடியும். அநேகமாக எல்லா மெம்பர்களிலும் அதற்கு ஒரே பதில்தான். பொய்யில்லை, பீதியில்லை, வேலை போகாது.

“ரொம்பும்ணா. நாளைக்குள்ள கோடி போயிடும்.”

கலைவாணன் தங்கையின் தலையில் கைவைத்து ஆட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. அவள் லேப்டாப்பை மூடினாள். நான்தான் அவளை அப்படிச் சொல்ல வைத்தேன், அது எனக்குத் தெரியும்.

6

மறுநாள் காலையிலிருந்து விடாமல் மழை. மத்தியானம் அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் அப்பாதுரையின் குரல் கேட்டது. ஊரில் சாவு, கல்யாணம், ரேஷன் எதுவானாலும் அறிவிப்பது அவர்தான்.

“தாமல் கிராமப் பொதுமக்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி. நம்முடைய ஏரி இன்று மாலை கோடி போகிறது. இதை நமது பாசன சங்கத் தலைவர் கலைவாணன் அவர்களின் தங்கை, சூப்பர் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஆகவே தாய்மார்கள் அனைவரும் பூத்தட்டோடு, குழந்தை குட்டிகளோடு, மாலை கரைக்கு வந்து பூஜையில் கலந்துகொண்டு...”

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வேறு ஊர்களில் வெள்ளம் என்றால் மேடு தேடி ஓடுவார்கள். எங்கள் பக்கத்தில் ஏரி ரொம்பிவிட்டது என்றால் ஊரே கரைக்கு ஓடும். கோடியில் தண்ணீர் வழிகிற இடத்தில் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, வழிகிற தண்ணீரில் பூவைப் போட்டுக் கும்பிடுவோம். பெண்கள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வருவார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டுவார்கள். தண்ணீர் வந்த சந்தோஷம் அது, அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் நிற்கும் இடம் கோடிக்குப் பக்கத்துக் கரை. இந்தக் கதையில் அது மணல் மூட்டை அடுக்கிய இடம்.

ஒலிபெருக்கியில் தன்னைப் பற்றிக் கேட்டதும் தேவிப்ரியாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. அவள் வாயைத் திறக்காமலே இருந்திருந்தால், இந்தக் கொட்டும் மழையில் பாதிப் பேராவது வீட்டில் இருந்திருப்பார்கள். அவள் சொன்னதால்தான் ஊர் மொத்தமும் கரைமேல் ஏறப் போகிறது. அவசரமாக லேப்டாப்பைத் திறந்து கடைசி நிலவரம் பார்க்க முயன்றாள். சிக்னல் ஒரு கோடு வந்து, போய், வந்து, போனது. புயல் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. தான் இப்போது எந்த மெம்பருக்குள் இருக்கிறோம் என்று தெரியவில்லை.

வாசலில் அபிநயா பட்டுப்பாவாடையில் நின்றாள். தட்டில் சாமந்தி, மஞ்சள், நனையாமல் இருக்க பிளாஸ்டிக் கவரில் கற்பூரம்.

“அத்தே, எனக்குத்தான் மொத தட்டு. நீ சொன்னதாலதான் ஏரி ரொம்பிச்சுன்னு அப்பா எல்லார்கிட்டயும் சொல்லிச்சு.”

அண்ணி அம்சவேணி மகளின் தலைக்குமேல் குடையைப் பிடித்துக்கொண்டு, “நீயும் சீக்கிரம் வா தேவி, உனக்குத்தான் காத்துக்கினு இருக்காங்க” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

“அண்ணி, கொஞ்சம் நில்லுங்க—”

மழைச் சத்தத்தில் அது அவர்களுக்குக் கேட்டதா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை.

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. புயல் நகர்ந்து போகிறது. ஏரி கோடி போகிறது. கற்பூரம் எரிகிறது, பூ மிதக்கிறது, அபிநயா நனைந்துகொண்டே சிரிக்கிறாள். தேவிப்ரியாவுக்கு மாலை போடுகிறார்கள். அவள் லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிறாள். யாருக்கும் எதுவும் தெரியாது. முப்பதில் இருபத்தேழு தடவை நடப்பது இதுதான், நியாயமாக இதைத்தான் நான் எழுத வேண்டும். ஆனால் அடுத்த வருஷமும் அந்த ஊர் அதே மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். கடல் அடுத்த வருஷம் இன்னும் சூடாக இருக்கும். முப்பதில் மூன்று என்பது அப்போது முப்பதில் ஐந்தாகலாம். இந்த முடிவைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டு. மூட்டைக்கு அடியில் முதலில் ஒரு விரல் அளவுக்குத்தான் தண்ணீர் கசிந்தது. யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புல் முளைத்த மூட்டை ஒன்று மெல்லச் சரிந்தது. அபிநயா தட்டை நீட்டிக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வைத்தாள். அவள் காலடியில்—

இதை எழுத மாட்டேன். நீங்கள் என்னைக் கோழை என்று சொன்னாலும் சரி.

மூன்று. தேவிப்ரியா செருப்புகூடப் போடாமல் அம்மன் கோயிலுக்கு ஓடுகிறாள். அப்பாதுரை கையிலிருந்து மைக்கைப் பிடுங்குகிறாள். கரை உடையலாம் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். எங்கே உடையுது என்று பார்க்க இன்னும் நாலு பேர் ஏறுவார்கள். முப்பதில் மூன்று என்று சொன்னால் சிரிப்பார்கள். அதனால் அவள் பொய் சொல்கிறாள்.

“கரண்ட் கம்பி அறுந்து ஏரித் தண்ணியில வுழுந்து கெடக்குது! கரையில கரண்ட் பாயுது! எல்லாரும் எறங்குங்க, புள்ளைங்களத் தூக்கிக்கினு எறங்குங்க!”

ஊர் அடித்துப் பிடித்து இறங்குகிறது. தட்டுகள் சேற்றில் கிடக்கின்றன. கலைவாணன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். கரை உடையவில்லை. காலையில் லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, எந்தக் கம்பியும் அறுந்து விழவில்லை என்கிறார். பூஜை கெட்டுப்போனதற்கு ஊர் திட்டித் தீர்க்கிறது. “என் மானத்த வாங்கிட்டியே பாப்பா” என்று கேட்டுவிட்டு அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பாய்க்கு இது பிடித்துப்போனது. “இதாம்பா முடிவு. புள்ள பொழச்சிக்கிச்சு இல்ல? வேற இன்னா வேணும்?”

“அடுத்த மழைக்கு அவ மைக்கைப் புடிச்சா எவன் எறங்குவான் பாய்?”

பாய் தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளினார்.

8

இன்றைக்கு பிரஸ்ஸுக்குப் போகவில்லை. முசரவாக்கத்தில் நேற்றிலிருந்து நல்ல மழை. மூன்றில் எந்த முடிவை வைப்பது என்று காலையிலிருந்து மேஜையை விட்டு எழாமல் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி எல்லம்மாள் சற்று முன்னால் கதவருகே வந்து நின்று ஏதோ சொன்னாள். “ம்” என்றேன். மறுபடி ஏதோ கேட்டாள். “சரி, கொடை எடுத்துக்கினு போ” என்றேன். நான் இரண்டாவது முடிவில், அந்த மூட்டை எந்தப் பக்கம் சரியும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போதுதான் அவள் சொன்னது என் காதில் முழுசாக விழுகிறது.

“நம்ம ஏரி ரொம்பிடுச்சாம். எல்லாரும் கரைக்குப் போறாங்க. நானும் போய் ஒரு பூ போட்டுட்டு வரட்டுமா?”

எங்கள் ஏரிக்கரை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் போய்ப் பார்த்ததே இல்லை. ஒரு பெண்ணை இத்தனை பக்கங்களுக்குத் தவிக்கவிட்டு, அவள் ஏன் சொல்லவில்லை, ஏன் தடுக்கவில்லை என்று கேள்வி கேட்டவன், என் வீட்டு வாசலைத் தாண்டிப் போனவளைத் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. செருப்பைத் தேடுகிறேன். ஒன்றுதான் இருக்கிறது.

முடிவு எழுத எனக்கு நேரமில்லை. உங்களிடம் விட்டுவிட்டு ஓடுகிறேன். இதைப் படிக்கிறவர்கள் முப்பது பேர் என்று வைத்துக்கொள்கிறேன், என் கதைக்கு அதுவே அதிகம். உங்களில் இருபத்தேழு பேருக்குக் கரை நிற்கும். மூன்று பேருக்கு நிற்காது. அந்த மூன்று பேர் யார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

அபிநயா இன்னும் அந்த மூட்டைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள். கற்பூரம் இன்னும் கவரைவிட்டு எடுக்கவில்லை. அவள் பெயர் உங்களுக்குத் தெரியும். கூப்பிடுவதென்றால் இப்போதே கூப்பிடுங்கள்.